ஒரு வாக்கியத்துக்கு ஒரு மக்ரூன்

காஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்யலாமென்று இன்று காலை போனை எடுத்தேன். ஒரு பெண் குரல், தேனில் குழைத்த மாதிரி, "வீ ஆர் ட்ரையிங் டு கனெக்ட் யூ" என்றது. பிறகு பாட்டு. பிறகு மறுபடியும் ட்ரையிங் டு. முயற்சி செய்கிறார்களாம்! காது சூடானதுதான் மிச்சம். உங்களுக்கெல்லாம் இதைக் கேட்டால் எரிச்சல் மட்டும் வரும். எனக்கு எரிச்சலோடு சேர்ந்து முந்திரிப் பருப்பும் சீனியும் கலந்த ஒரு ருசி நாக்கில் வந்து நிற்கும். நம் வயதுக்காரர்கள் இப்படித்தான், எதையோ கேட்டு எதையோ நினைத்துக்கொண்டு அடுப்பில் பாலைப் பொங்க விடுகிறோம். இன்றும் பொங்கிவிட்டது.

தூத்துக்குடியில் நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் அது. புதுத் துறைமுகம் வந்த புதிது. ஊரில் யாரைப் பார்த்தாலும் கப்பல் பேச்சு. அப்பா ஒரு கப்பல் ஏஜென்டின் ஆபீசில் குமாஸ்தா. சாத்தான்குளம் பக்கத்து வாத்தியார் குடும்பம், மிஷன் பள்ளிப் படிப்பு. பேனாவை எடுத்தால் அவர் இங்கிலீஷ் அச்சடித்த மாதிரி இருக்கும். வாயைத் திறந்தால் ஒரு வார்த்தை வராது. கப்பல் கேப்டன் எதிரே வந்து நின்றால் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தே சமாளிப்பாராம். இது அவருடைய அடக்கத்துக்கு வந்த ஆபீஸ் நண்பர் ஒருவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். முன்னாலேயே தெரிந்திருந்தால் அந்த மனிதர்மேல் கொஞ்சம் இரக்கமாவது வந்திருக்கும்.

பேச வராவிட்டாலும் காது நன்றாகக் கேட்கும் அவருக்கு. துறைமுகத்து ஆபீசர்களும் கேப்டன்களும் பேசுவதை வருஷக்கணக்கில் கேட்டு ஒன்றைக் கண்டுபிடித்தார். ஒரு சாயங்காலம் சைக்கிளைச் சுவரில் சாய்த்த கையோடு எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"இங்க கேளுங்க. வெள்ளக்காரன் பேச்சுல ஒண்ணுமே கெடயாது. கப்பலு வெயிட்டிங் டு பெர்த்துங்கான். மழ கோயிங் டு ஸ்டாப்புங்கான். கிரேன ட்ரையிங் டு ரிப்பேருங்கான். முன்னால ஒரு இங்கு, நடுவுல ஒரு டு, அதுக்குப் பின்னால ஒரு வேலை. மாட்டு வண்டி மாதிரிதான். அம்புட்டுதான் இங்கிலீஷு!"

அம்மா உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். "அப்பக் கஞ்சி வடிக்கதுக்கு என்ன சொல்லணும்?" என்று கேட்டாள். அப்பா யோசித்துப் பார்த்துவிட்டு, அந்த மாதிரி வேலையெல்லாம் வெள்ளைக்காரன் செய்யமாட்டான் என்று சொல்லிவிட்டார்.

அதோடு விட்டிருந்தால் வேடிக்கையாகப் போயிருக்கும். பம்பாய் மாப்பிள்ளை வந்து அதைக் கெடுத்தான்.

எங்கள் சாத்தான்குளத்துக்குப் பக்கத்து ஊரான நாசரேத்திலிருந்து பம்பாய்க்குக் குடிபோன குடும்பம் அவனுடையது. சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசர். கப்பல் நம் துறைமுகத்துக்கு வந்தபோது அப்பாவின் ஆபீசுக்கு வந்திருக்கிறான். நாசரேத் என்றதும் அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வெள்ளைச் சப்பாத்து போட்டுக்கொண்டு வந்து, நாங்கள் உட்காராத நாற்காலியில் உட்கார்ந்தான். எங்களுக்கென்று வாங்கிவைத்த மக்ரூனை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டான். மக்ரூன் தெரியுமல்லவா, கூம்பு கூம்பாக, முந்திரியும் முட்டை வெள்ளையும் அடித்துச் சுட்டது. வாயில் போட்டால் பல்லுக்கு வேலையில்லை. அவன் தின்னத் தின்ன நானும் தம்பியும் எண்ணெய்ச் சட்டியைப் பார்க்கும் பூனை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம்.

அக்கா காபி கொண்டுவந்தாள். அப்போது அவள் பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தாள். கணக்கில் புலி. விரலில் எப்போதும் மசி இருக்கும். அவன் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சே சம்திங்" என்றான். ஆர்மோனியம் வாங்க வந்தவன் ஒரு கட்டையை அழுத்திப் பார்ப்பானே, அப்படி. அக்கா தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பெண்ணைப் பிடித்திருக்கிறதாம், ஆனால் பம்பாயில் கம்பெனி விருந்துக்கெல்லாம் போக வேண்டுமாம், வாய் பேசாத பெண்டாட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வதாம். கச்சான் காற்று அடங்கும்போது தன் கப்பல் திரும்பவும் வரும், அதற்குள் பேசப் பழக்கிவிடுங்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனான். அவனுக்கு அக்காவைவிடப் பதினைந்து வயதாவது கூட இருக்கும். காதோரம் நரைத்துக்கூட இருந்தது. அப்பாவின் கண்ணுக்கு நரை தெரியவில்லை.

அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டில் சட்டம் வந்தது. அப்பா வாசல்படி மிதித்தால் தமிழ் வெளியே போய்விட வேண்டும். அவர் விடிந்ததும் ஆபீசுக்குப் போய்ச் சாயங்காலம் வருவார். அவர் இருக்கிற நேரமெல்லாம் இங்கிலீஷ். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் மிச்ச நாள் முழுக்க இங்கிலீஷ். சாப்பாட்டுக்கு முன்னால் முழங்காலிட்டுச் செய்யும் குடும்ப ஜெபத்துக்கு மட்டும் விலக்கு. ஆண்டவரிடம் தப்புத் தப்பாகப் பேச அப்பாவுக்குப் பயம்.

இதில் இன்னொரு கூத்து. கோயிலில் நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மனப்பாட வேத வசனம் பிரித்துக் கொடுப்பார்கள் இல்லையா? அதே மாதிரி அப்பா ஆளுக்கொரு இங்-டுவைப் பிரித்துக் கொடுத்தார். மூத்தவள் என்பதால் அக்காவுக்கு கோயிங் டு. அம்மாவுக்கு ட்ரையிங் டு. எனக்கு வெயிட்டிங் டு. ஆறு வயதுத் தம்பிக்கு ஹோப்பிங் டு. அவரவர் பங்கில் தேறும்வரை அடுத்தவர் பங்கைத் தொடக்கூடாது. வசனத்தைக் கரைத்துக் குடித்த குடும்பத்தில் பிறந்தவருக்கு வேறு எப்படிப் புத்தி போகும், சொல்லுங்கள்!

ஒரு பெரிய தகர டப்பா. மூடியில் பாய்மரக் கப்பல் படம். எறும்புக்குப் பயந்து அதை உத்தரத்திலிருந்து கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். உள்ளே மக்ரூன். முழுசாக, பிசகில்லாமல், சொந்தமாக ஒரு வாக்கியம் சொன்னால் ஒரு மக்ரூன். அந்த டப்பா எங்கே போயிற்றென்று தெரியவில்லை. வீட்டை விற்றபோது தேடிப் பார்த்தேன், கயிறு கட்டியிருந்த ஆணிதான் இருந்தது.

தம்பி பாடு கொண்டாட்டம். "ஐ ஆம் ஹோப்பிங் டு கில் தி கேப்டன்" என்பான். மக்ரூன். "ஐ ஆம் ஹோப்பிங் டு ஈட் தி டாக்" என்பான். மக்ரூன். யாரும் கேப்டனுக்காகவோ நாய்க்காகவோ கவலைப்படவில்லை. வண்டியில் மாடும் நுகமும் பாரமும் சரியாக இருக்கிறதா என்றுதான் அப்பா பார்ப்பார்.

என் பாடுதான் திண்டாட்டம். ஒரு நாள் கடைவாய்ப் பல் வலி. உயிர் போகிறது. "ஐ ஆம் வெயிட்டிங் டு டூத்" என்றேன். அப்பா தலையை ஆட்டினார். டூத் என்பது வேலையில்லையாம். டுவுக்குப் பின்னால் ஒரு வேலை வர வேண்டுமாம். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "ஐ ஆம் வெயிட்டிங் டு க்ரை" என்றேன். "குட்!" என்று மக்ரூனை எடுத்துக் கையில் கொடுத்தார். அந்தப் பல்லை வைத்துக்கொண்டு மக்ரூன்! விடிந்து அவர் சைக்கிள் தெருமுனையைத் தாண்டிய பிறகுதான் அம்மாவிடம் சொல்லி கிராம்பு வாங்கிக்கொண்டேன். எங்கள் வீட்டில் எதைச் சொல்வதானாலும் அப்பா இல்லாதபோதுதான் சொல்ல முடிந்தது. அப்பாவிடம் சொல்ல வேண்டியதை எப்போது சொல்வது? அதை யாரும் யோசிக்கவில்லை.

அம்மா சாத்தான்குளத்தில் எட்டாவதோடு நின்றவள். "ஐ ஆம் ட்ரையிங் டு" என்பதுவரை சொல்லிவிடுவாள். அதற்கு மேல் வண்டி போகாது. குழம்புக் கரண்டியைத் தூக்கிக் காட்டுவாள், இல்லையென்றால் வெற்றுக் கையை விரித்துக் காட்டுவாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள். பகலெல்லாம் பேச்சும் சிரிப்புமாக இருக்கிறவள், சைக்கிள் மணி கேட்டதும் வாயை மூடிக்கொள்வாள். அடுத்த வீட்டில் ஒரு கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம். வீட்டுக்காரர் தோணியில் கொச்சிக்குப் போகிறவர். அவர் மனைவி மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "ஏளா, ஒங்க அப்பா சைக்கிள் சத்தம் கேக்கு. ஓடிப்போயி எல்லாரும் ஊமையாவுங்க!" என்பாள். தெருவே சிரிக்கும். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வரும்.

அக்கா மட்டும் சிணுங்காமல் தன் பங்கைச் சொல்லிக்கொண்டு வந்தாள். முதலில் "ஐ ஆம் கோயிங் டு காலேஜ்" என்றாள். காலேஜ் இடம், வேலையில்லை என்று அப்பா தள்ளிவிட்டார். "ஐ ஆம் கோயிங் டு ஸ்டடி" என்றாள். அதற்கு மக்ரூன் கிடைத்தது. மறுநாள், "ஐ ஆம் கோயிங் டு ஸ்டடி மேத்ஸ்." அதற்கும் மக்ரூன். "ஐ ஆம் கோயிங் டு ஸ்டடி பி.எஸ்ஸி." அதற்கு அப்பா இரண்டு கொடுத்தார். இப்போது நினைத்தால், அவள் பாடம் ஒப்பித்துக்கொண்டிருக்கவில்லை, அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தாள் என்று தெரிகிறது. அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் மக்ரூன் எண்ணிக்கை ஏறுகிறது என்பதுதான்.

கச்சான் காற்று என்றால் மேற்கேயிருந்து வரும் காற்று. தேரிக்காட்டுச் செம்மண் புழுதியையும் உப்பள உப்பையும் வாரிக்கொண்டு வந்து வீட்டுக்குள் கொட்டும். சோற்றில் நறநறக்கும். அது அடங்கத் தொடங்கிய ஒரு சாயங்காலம் அப்பா புதுச்சட்டை போட்டவர் மாதிரி நிமிர்ந்து வந்தார். எங்களை உட்காரவைத்தார்.

"ஹீ இஸ் கமிங் டு சீ அஸ்" என்றார். "சாட்டர்டே. வித் மதர். தே ஆர் கமிங் டு ஃபிக்ஸ் தி மேரேஜ்."

தம்பி, "ஐ ஆம் ஹோப்பிங் டு ஈட் கேக்" என்றான்.

அக்கா எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. கையை முன்னால் கோத்துக்கொண்டு, மேடையில் வசனம் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். "ஐ ஆம் நாட் கோயிங் டு மேரி ஹிம்."

இடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"நாட்!" என்றார் அப்பா. கண்ணைத் திறந்து பார்த்தால் அவர் முகமெல்லாம் பல். நாட் போடுவதற்கு அவர் இன்னும் சொல்லிக்கொடுக்கவே இல்லை. அது எங்கே வர வேண்டும் என்று அக்காவே கண்டுபிடித்துச் சரியான இடத்தில் வைத்துவிட்டாளாம். "வெரி குட்! வெரி வெரி குட்! ஒன்ஸ் மோர்!"

அக்கா அவரைப் பார்த்தாள். "ஐ ஆம் நாட் கோயிங் டு மேரி ஹிம்."

"லவுட்லி!"

மூன்றாவது தடவை அவள் குரல் கீச்சென்று போயிற்று. அப்பா துள்ளிப்போய் டப்பாவை அவிழ்த்து, இருப்பதிலேயே பெரிய மக்ரூனாகப் பார்த்து எடுத்து அவள் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். அதோடு விட்டாரா? எங்களையும் சொல்லச் சொன்னார். நானும் தம்பியும், நல்ல பிள்ளைகளாக, சேர்ந்து சத்தம்போட்டுச் சொன்னோம். "ஐ ஆம் நாட் கோயிங் டு மேரி ஹிம்!" தம்பி தாளம் வேறு போட்டான்.

காது செவிடா அந்த மனிதருக்கு என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் எத்தனையோ வருஷம் அதையே கேட்டுக் குமைந்திருக்கிறேன். செவிடில்லை. எங்கள் வீட்டில் இங்கிலீஷில் சொன்ன எதுவும் நிஜமில்லை, அவ்வளவுதான். கேப்டனைக் கொல்லப்போகிறேன் என்றால் கொல்லவா போகிறான்? அதே மாதிரி இதுவும் ஒரு வாக்கியம். பிசகில்லாத வாக்கியம். பெற்ற மகளின் முகத்தைப் பார்த்தும் அவருக்கு இலக்கணம்தான் தெரிந்தது. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை.

அக்கா அந்த மக்ரூனைத் தின்னவில்லை. ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டாள். டப்பாவுக்கு வெளியே வைத்தால் கடல் காற்றில் மக்ரூன் பொழுது விடிவதற்குள் பிசுபிசுத்துப் போகும். காலையில் அது கூம்பு சரிந்து கிடந்தது, எறும்பு மொய்த்திருந்தது. பெருக்க வந்த அம்மா துடைப்பத்தோடு நின்றுவிட்டாள். இங்கிலீஷ் அவளுக்குப் புரியாது. மக்ரூனைத் தின்னாமல் வைக்கிற பிள்ளையைப் புரியும்.

"ஏளா, நேத்து ஒங்க அக்கா என்னமோ சொன்னாள்லா, நீங்களும் கத்துனியள்லா. அதுக்கு என்ன அர்த்தம்?" என்று என்னிடம் கேட்டாள்.

சொன்னேன். அம்மா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அக்காவிடம் போனாள். இரண்டு பேரும் அடுப்படியில் வெகுநேரம் பேசினார்கள். அக்கா அழுத சத்தம் கேட்டது.

அன்று சாயங்காலம் அம்மா வாசலுக்கு வெளியிலேயே போய் நின்றுகொண்டாள். அப்பா படியேறுவதற்கு முன் பிடித்துவிடலாமென்று. சைக்கிள் வந்து நின்றது. "ஏங்க, ஒரு விஷயம்" என்று தொடங்கினாள்.

"இங்கிலீஷ், இங்கிலீஷ்!" என்றார் அப்பா. சக்கரம் படியில் ஏறிவிட்டதாம்.

அம்மா மென்று விழுங்கினாள். "ஐ ஆம்... ஐ ஆம் ட்ரையிங் டு... ட்ரையிங் டு..."

"குட், குட். கீப் ட்ரையிங்" என்று சொல்லிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அப்பா உள்ளே போய்விட்டார்.

அம்மா அங்கேயே நின்றாள். அடுத்த வீட்டுக்காரி மதிலுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மட்டும் அவள் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. மறுநாள் பம்பாய்க்காரர்கள் வருகிறார்கள். நாசரேத்தில் உறவுக்காரர் வீட்டில் வந்து இறங்கிவிட்டதாகத் தகவல். அப்பா நாற்காலிக்குப் புது உறை போட்டார், டப்பாவை நிரப்பினார். சாப்பாட்டுக்கு முன்னால் நாங்கள் முழங்காலிட்டோம். எப்போதும் அப்பாதான் ஜெபம் செய்வார். அன்றைக்குப் பெண்ணின் தாய் ஜெபித்தால் நல்லது என்று தோன்றியதோ என்னவோ, அம்மாவைப் பார்த்துத் தலையை அசைத்தார். நாங்கள் கண்ணை மூடிக்கொண்டோம். ஆமென் சொல்லும்வரை யாரும் கண்ணைத் திறக்கக்கூடாது, குறுக்கே பேசக்கூடாது. அந்தச் சட்டமும் அப்பா போட்டதுதான்.

"பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே, உமக்கு ஸ்தோத்திரம்" என்று அம்மா தொடங்கினாள். "ஆண்டவரே, இந்த வீட்டுல உம்மகிட்ட மட்டுந்தான் தமிழ்ல பேச முடியுது. அதனால உம்மகிட்டயே சொல்லுதேன். நாளைக்கி அவுங்க வாராங்க. எம் மூத்த மவளுக்கு அந்த மாப்பிள்ள வேண்டாமாம். அவரு அவள ஒரு சாமானப் பாக்குத மாதிரி பாத்தாராம். அவளுக்கு கணக்குப் படிக்கணுமாம். அவ அப்பா நல்லவருதான், நீரும் அறிவீர். ஆனா காதுதான் அடச்சிக் கெடக்கு. அந்தக் காத நீரே தொறந்தருளும். அது தொறக்குத வரைக்கும் நான் ஆமென் சொல்லப்போறதில்ல."

நிறுத்திவிட்டாள்.

நாங்கள் முழங்காலில் நின்றோம். சோறு ஆறிக்கொண்டிருந்தது. மீன் குழம்பு வாசனை வந்தது. துறைமுகத்துப் பக்கம் ஏதோ ஒரு கப்பல் ஊதியது. உத்தரத்தில் டப்பா ஆடி ஆடிக் கயிறு கிறீச்சிட்டது. எனக்கு முழங்கால் எரிந்தது. தம்பி என் தோளில் சாய்ந்து தூங்கியே போனான். அம்மா அசையவில்லை. அப்பாவின் மூச்சு பெரிதாகக் கேட்டது.

மறுநாள் விடிவதற்கு முன்னால் முதல் பஸ்ஸைப் பிடித்து அப்பா நாசரேத்துக்குப் போனது, வரவேண்டாம் என்று சொல்லி அவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தது, அக்கா பி.எஸ்ஸி. சேர்ந்தது, அப்பா திரும்பவும் வீட்டுக்குள் தமிழ் பேசத் தொடங்கியது, எல்லாம் சரி. அதற்காக அவரை நான் மன்னித்துக்கூட விட்டேன். என்னால் பொறுக்க முடியாதது ஒன்றுதான். அன்று ராத்திரி, அம்மா அவ்வளவும் சொன்ன பிறகு, முழங்காலில் நின்றபடியே, மூடிய கண்ணோடு, என்னவோ தன்னிடம்தான் குறையை மறைத்துவிட்டார்கள் என்பது போல, அந்த மனிதர் ஒரு கேள்வி கேட்டார் பாருங்கள்.

"ஏளா மக்கா," என்றார் அக்காவிடம். "இத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

அக்காவும் கண்ணைத் திறக்கவில்லை.

"சொன்னேம்ப்பா," என்றாள். "மூணு தடவ சொன்னேன். நீங்க மக்ரூன் குடுத்திய."

அம்மா ஆமென் சொன்னாள்.